இன்னும் பத்தொன்பது படி

மல்லவி,
4 அக்டோபர் 1986

பாலைவனத்துக்கும் பட்டாளத்துக்கும் தற்போதைக்குச் சொந்தமான என் அண்ணன் பிமெனுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன்னோடும் உன் கூடாரத்துத் தேள்களோடும் இருப்பதாக. இங்கே நான், அம்மா, அப்பா, மொட்டைமாடியில் பதினொரு கோழிகள், எல்லோரும் நலம். அப்பாவின் முதுகு மட்டும் நலமில்லை. வருகிறவர்கள் அப்பாவை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். உன் நலத்தை எழுது. 'நலம்' என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால் அம்மா அதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் அழுவாள். கொஞ்சம் நீட்டி எழுது.

இப்போது சேதி. எனக்குத் தண்டனை கிடைத்திருக்கிறது. நைரூஸ் புத்தாண்டுப் பண்டிகைக்கு ஆலயத்தில் பேரீச்சையும் கொய்யாவும் கொடுத்தார்களே, அதில் ஒரே ஒரு கொய்யாவின் வயிற்றில் ஒரே ஒரு பச்சைமிளகாய் இருந்தது. அது எப்படி உள்ளே போனது என்பது எனக்கும் கொய்யாவுக்கும் மட்டும் தெரியும். பாடகர் குழுத் தலைவர் அதைக் கடித்தார். அன்று அவர் எட்டிய சுருதியை எந்த ஈஸ்டரிலும் எட்டியதில்லை.

நீ போனபிறகு ஞாயிறு பள்ளியை நடத்த ஒரு புது அக்கா வந்திருக்கிறார், தஸோனி அவாதிஃப். என்னைக் கூப்பிட்டு, "ஃபெப்ரோனியா, உன் கைக்கு வேலை இல்ல. அதான் கொய்யாக்குள்ள போகுது. இனி நீ பெரியவங்க சேவையில இரு" என்றார். வெள்ளிக்கிழமை நடக்கும் பள்ளிக்கு ஞாயிறு பள்ளி என்று பெயர் வைத்தவர்கள் தண்டனைக்குச் சேவை என்று பெயர் வைத்ததில் என்ன வியப்பு?

வேலை உனக்குத் தெரிந்ததுதான். பூசை முடிந்ததும் சின்னப் பிள்ளைகள் அரிசி, பருப்பு, எண்ணெய் வைத்துப் பை கட்டுவார்கள். நாங்கள் தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, பேசி, வந்து நோட்டில் எழுத வேண்டும். எனக்கு விழுந்த பெயர் யார் தெரியுமா? பானைக்காரர் சந்து லபீபா அத்தை. நீ இரண்டு வருஷம் பார்த்துவந்த அதே அத்தை! உன் பழைய நோட்டு கட்டிலுக்கு அடியில் கிடைத்தது. "அத்தை கிராம்பு போட்ட தேநீர் கொடுத்தார். அவருடைய அண்ணன் மகன் நசீஃப் காரில் வந்து நன்றாகக் கவனித்துக்கொள்கிறார். பை தேவையில்லை." அண்ணா, நீ இவ்வளவு நல்லவன் என்று வீட்டில் ஏன் சொல்லவில்லை? நாங்கள் வீணாகத் திட்டிக்கொண்டிருந்தோம்.

ஒரு சிக்கல். முதல் மாடிக்காரர்கள் படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு பெருவாத்து வளர்க்கிறார்கள். என்னைப் பார்த்ததும் கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடி வந்தது, வாழ்த்துச் சொல்ல அல்ல. எல்லோரும் என்னைப் படி படி என்கிறீர்கள், ஒரு படி ஏற விடுகிறதா அந்தப் பிசாசு? உனக்கு மட்டும் எப்படி வழிவிட்டது? உடனே எழுது.

அம்மா உன் நெற்றியில் முத்தமிடச் சொன்னாள். காகிதத்தில் முத்தமிட எனக்குக் கூச்சமாக இருப்பதால், நீயே உன் நெற்றியைத் தடவிக்கொள்.

உன் தங்கை,
ஃபெப்ரோனியா


செங்கடல் முகாம்,
23 அக்டோபர் 1986

வாயாடித் தங்கை ஃபெபிக்கு,

நலம். நீட்டி எழுதச் சொன்னாய்: மிக மிக மிக நலம். பருப்பில் மணல், ரொட்டியில் மணல், நேற்று சார்ஜெண்ட் கொட்டாவி விட்டபோது அவர் வாயிலும் மணல். அம்மாவின் கைகளுக்கு என் முத்தம். அப்பாவின் முதுகுக்கு என் வணக்கம்.

அந்த நோட்டை எதற்கு எடுத்தாய்? இருந்த இடத்திலேயே வைத்துவிடு.

லபீபா அத்தையை ரொம்பத் தொந்தரவு செய்யாதே. அவருக்கு ஆட்கள் வருவது பிடிக்காது. சந்தில் நின்றாலே போதும். காலை பத்து மணிக்கு அவர் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவார். எதிரே ஃபூல் வண்டி வைத்திருக்கும் ஹம்தான், வெந்த மொச்சையும் ரொட்டியும் அதில் வைப்பார். கூடை மேலே ஏறினால் அத்தை நலம். நோட்டில் எழுத அது போதும்.

வாத்துக்குச் சட்டைப்பையில் கொஞ்சம் அரிசி வைத்துக்கொள்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பச் சொல்.

பிமென்


மல்லவி,
15 நவம்பர் 1986

மணல் தின்னும் மாவீரனுக்கு,

சுகமா? இங்கே எல்லோருக்கும் சளி. கோழிகளுக்கு மட்டும் இல்லை. காலுறையோடு அம்மா பேரீச்சை வடகமும் வைத்திருக்கிறாள். உன் முகாமுக்குத் தபால் கொண்டுவரும் லாரிக்காரர் தின்றுவிட்டால் அவரைச் சபிக்க ஒரு தனிச் சங்கீதம் வைத்திருக்கிறேன்.

அண்ணா, நான் புகழ் பெற்றுவிட்டேன். நீ சொன்னபடி அரிசி கொண்டுபோனேன். அது அரிசியைத் தின்றுவிட்டு என் பாவாடையையும் தின்ன வந்தது. அதனால் மேலே போகவில்லை. ஆறு வெள்ளியும் ஹம்தான் வண்டிக்குப் பின்னால் நின்று கூடை ஏறுவதைப் பார்த்தேன். நோட்டுக்கு ஒரு நோட்டம் போதாதா? தேநீரும் நசீஃபும் உன் நோட்டிலிருந்து எடுத்தது. மற்றது என் கைச்சரக்கு: "இன்று அத்தை தன் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அது அவர் மூக்கிலேயே இருந்தது. சேர்ந்து சிரித்தோம். பிறகு அறுபத்தேழாம் சங்கீதம் படித்தோம்."

போன வெள்ளி தஸோனி இதை ஒலிபெருக்கியில் படித்தார்! "பாருங்க பிள்ளைங்களா, இதுதான் சேவை. அந்த அம்மா மனசைத் தொட்டிருக்கா பாருங்க." பரிசாக ஒரு புனிதர் படம். பாடகர் குழுத் தலைவர்கூடக் கைதட்டினார், இன்னும் கொஞ்சம் சந்தேகத்தோடு.

கைதட்டும்போது யார் கண்ணையும் பார்க்காமல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் கூடைதான் தினமும் ஏறுகிறதே? நசீஃபும் இருக்கிறாரே? யாருக்கும் நஷ்டமில்லை, இல்லையா? 'இல்லை' என்று ஒரு வரி எழுது, போதும்.

நாலு பேர் என் நோட்டை வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்து எழுதுகிறார்கள். அதுவும் ஒருவகையில் கற்றுக்கொடுப்பதுதான்.

உன் புகழ்பெற்ற தங்கை,
ஃபெப்ரோனியா


செங்கடல் முகாம்,
6 டிசம்பர் 1986

ஃபெபிக்கு,

நீங்கள் எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். வடகம் வந்தது, பாதி. சங்கீதத்தை எடுத்துவிடு.

பனி கடுமை. நோன்பு தொடங்கிவிட்டதால் இங்கே எனக்குப் பருப்பு மட்டும். மற்றவர்கள் கறி தின்னும்போது நான் வெளியே நின்று நட்சத்திரம் எண்ணுகிறேன்.

அத்தையின் கூடை எத்தனை மணிக்கு இறங்குகிறது? பத்துக்கா, பிந்தியா? கை மட்டும் தெரிகிறதா, முகமும் தெரிகிறதா? படியில் நின்றால் மேலேயிருந்து இருமல் கேட்கிறதா? அவருக்கு எப்போதும் குளிர்காலத்தில் இருமல் வரும். எழுது.

நோட்டில் நசீஃபைப் பற்றி ரொம்ப எழுதாதே.

பிமென்


மல்லவி,
2 ஜனவரி 1987

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜனவரி ஏழு, நம் ஆலயத்துக் கிறிஸ்துமஸ் வருவதற்கு இன்னும் ஐந்து நாள். அம்மா கஹ்க் பிஸ்கட்டுக்கு மாவு பிசையும்போது, "பிமென் இல்லாம யாரு திங்கிறது?" என்று அழுதுவிட்டு, அப்பாவும் நானும் தின்னுமளவுக்கு மூன்று தட்டுப் பலகாரம் சுட்டாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

கேட்ட கேள்விக்கு நீ ஒரு வரிகூட எழுதவில்லை. நீ கேட்டதற்கு நான் சொல்கிறேன்: கூடை இப்போது பத்தரைக்கு இறங்குகிறது. கை மட்டும்தான் தெரியும். ஏன் கேட்டாய்?

விஷயம் பெரிதாகிவிட்டது. குளிருக்குக் கம்பளி கொடுக்கும் பட்டியலை, பூசை முடித்த கையோடு அபூனா அந்திராவுஸ் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கேட்டார்.

"லபீபா?"

"நல்லா இருக்காங்க அபூனா" என்றேன்.

"அண்ணன் பையன் இன்னும் வர்றானா?"

"வர்றாரு."

"நல்லது. ஆள் இருக்கிறவங்களுக்குக் கர்த்தர் ஆளையே கம்பளியா குடுத்திருக்கார். இதை வேற ஒருத்தருக்குப் போடுவோம்." அத்தை பெயரில் ஒரு கோடு இழுத்தார். மாதம் ஒருமுறை வீட்டுக்கே நற்கருணை கொண்டுபோகும் பட்டியலிலும் அவர் இல்லையாம். இரண்டு வருஷத்துக்கு முன்பே எடுத்தாகிவிட்டதாம். நசீஃப்தான் காரில் வேறு ஆலயத்துக்கு அழைத்துப்போகிறாரே!

இதைவிட மோசம் தஸோனி. வயதானவர்களைக் கைவிடாத உறவினர் ஒருவரைப் பிள்ளைகள் முன்னால் பாராட்ட வேண்டுமாம். பிப்ரவரி பதின்மூன்று, வெள்ளி, பூசை முடிந்ததும் நசீஃபுக்குச் சான்றிதழ். தங்க மையில் எழுதக் கொடுத்துவிட்டார். அழைத்துவர வேண்டியது நான். அவருடைய விலாசத்தை அனுப்பு. அஸ்யூத்திலா, மின்யாவிலா? கார் என்ன நிறம்?

இன்னொன்று. முதல் மாடிக்காரர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு கெய்ரோவுக்குப் போய்விட்டார்கள். வாத்தும் போய்விட்டது. கிறிஸ்துமஸுக்கு முன்வாரம் ஒரு வாத்து கெய்ரோ போனால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். சந்தோஷப்பட வேண்டியவள் நான். ஏனோ முடியவில்லை. இப்போது அந்தக் கட்டடத்தில் அத்தையைத் தவிர யாருமில்லை.

விலாசம், அண்ணா. மறக்காதே.

ஃபெப்ரோனியா


செங்கடல் முகாம்,
18 ஜனவரி 1987

ஃபெபிக்கு,

எல்லோரையும் கேட்டதாகச் சொல். திருமுழுக்குப் பெருநாளுக்கு அம்மா சேப்பங்கிழங்கு சமைத்திருப்பாள். இங்கே மூன்று நாளாக மணற்காற்று. வேறு விசேஷம் இல்லை.

பிமென்


மல்லவி,
31 ஜனவரி 1987

பிமெனுக்கு,

அம்மா அப்பா சுகம். நான் சுகமில்லை. காய்ச்சல் கீய்ச்சல் இல்லை.

ஒரு மாதமாக ஒரு விலாசம் கேட்கிறேன். மணற்காற்று என்று எழுதுகிறாய்.

நேற்று வெள்ளி. கூடை பதினொன்றேகாலுக்கு இறங்கியது. ஏறும்போது நடுவில் இரண்டு தடவை நின்றது, ஆள் மூச்சு வாங்குவதுபோல. வாத்து இல்லை, எனக்கு இனிச் சாக்கும் இல்லை. ஏறினேன். முதல் மாடித் திருப்பம் வரைக்கும்.

அங்கே சன்னல் விளிம்பில் சிகரெட் துண்டுகள் கிடந்தன. எண்ணவில்லை, நிறைய. சுவரில் ஆணியால் கீறி 'பிமென்' என்று எழுதியிருந்தது, பக்கத்தில் ஒரு சிலுவை, ஒரு கால்பந்து. மூலையில் தூசியோடு தூசியாகப் பழைய அரிசி. அப்போதுதான் எனக்கு விளங்கியது, அந்த வாத்து என்னைக் கடிக்க வரவில்லை. இந்த இடத்துக்கு வருகிறவர்கள் அரிசி போடுவார்கள் என்று யாரோ அதற்கு இரண்டு வருஷம் பழக்கியிருக்கிறார்கள்.

நீ இங்கேதான் நின்றாயா? மேலே போகவே இல்லையா?

மேலேயிருந்து இருமல் கேட்டது. நான் ஓடிவந்துவிட்டேன். ஏன் ஓடினேன் என்று கேட்காதே. கதவைத் தட்டி அவர் திறந்தால் நான்கு மாதமாக நான் யாரோடு சிரித்தேன், யாரோடு சங்கீதம் படித்தேன்? அந்தப் பயம்தான்.

ஒன்று மட்டும் நேராகச் சொல். நசீஃப் என்று ஒருவர் இருக்கிறாரா, இல்லையா?

ஃபெப்ரோனியா


செங்கடல் முகாம்,
9 பிப்ரவரி 1987

ஃபெபி,

இதை லாரியில் அனுப்பவில்லை. நம் ஊர்ப் பையன் ஷஹாத்தா விடுப்பில் வருகிறான், உன் கையிலேயே கொடுக்கச் சொன்னேன்.

நசீஃப் இல்லை. கார் இல்லை. தேநீர் இல்லை. எல்லாம் என் நோட்டில் பிறந்தவை.

ஒரே ஒருமுறை மேலே போனேன். முதல் வெள்ளி. பையோடு போனேன். கதவு நான்கு விரல் அகலம் திறந்தது. "என்ன அது?" என்றார். "ஆலயத்துல குடுத்தாங்க அத்தை, ஏழைங்களுக்கு" என்றேன். அப்படியேதான் சொன்னேன், ஃபெபி, வாய் கூசாமல். "உங்க பலிபீடத்துல தொங்குதே திரை, அதுல பூ தச்சது யாருன்னு அபூனாவைக் கேளு. நான் ஏழையா?" என்று பையைப் பிடுங்கிப் படியில் எறிந்தார். மூட்டை கிழிந்து அரிசி கீழே வரைக்கும் உருண்டது. வாத்து தின்றது. நான் சிரித்தேன். பயத்தில் வந்த சிரிப்பு. அவர் கேட்டிருப்பார்.

அதற்குப்பிறகு தட்டக் கூச்சம். அவர் பை வாங்கவில்லை என்று எழுதினால் அபூனா என்னையே திரும்ப அனுப்புவார். அதனால் ஒரு அண்ணன் மகனை உண்டாக்கினேன். ஒவ்வொரு வெள்ளியும் திருப்பத்தில் கால்மணி நேரம் நின்றுவிட்டு வந்தேன். விளையாட்டாக இருந்தது. உன் கடிதத்தில் அபூனா கோடு இழுத்தார் என்று படித்ததிலிருந்து விளையாட்டாக இல்லை. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து மணற்காற்றைப் பற்றி எழுதினேன்.

அவருக்கு யாருமில்லை. நீ ஓடு. இதைப் படித்து முடித்ததும் ஓடு. அபூனாவிடம் என் பெயரைச் சொல், உன் பெயரைச் சொல்லாதே.

அண்ணன்


மல்லவி,
14 பிப்ரவரி 1987

அண்ணா,

முதலில் இது: அத்தை உயிரோடு இருக்கிறார். மூச்சை விட்டுவிட்டு மற்றதைப் படி.

ஷஹாத்தா நேற்று ஆலய மண்டப வாசலில் கடிதத்தைக் கொடுத்தான். உள்ளே சான்றிதழ் விழா. முன்வரிசையில் நசீஃபுக்கு ஒரு காலி நாற்காலி, அதன்மேல் பூச்செண்டு. நின்றபடியே படித்தேன். தஸோனி ஒலிபெருக்கியில், "ஃபெப்ரோனியா, நம்ம விருந்தாளி வந்துட்டாரா?" என்றார்.

"வரமாட்டாரு தஸோனி."

"ஏம்மா, வேலையா?"

"இன்னும் பொறக்கலை."

மண்டபமே சிரித்தது. கொய்யாவில் மிளகாய் வைத்தவள் வேறு எப்படிப் பேசுவாள்? "நிஜமாத்தான் சொல்றேன், அந்த நோட்டுல இருக்கிறதெல்லாம் பொய், நான் அவங்க வீட்டுக்குப் போனதே இல்ல!" என்று கத்தினேன். இன்னும் சிரித்தார்கள். பாடகர் குழுத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாழ்நாளில் முதல்முறையாக உண்மையைச் சொல்கிறேன், அதற்குத்தான் ஆகப்பெரிய கைதட்டல். அபூனா ஒருவர்தான் சிரிக்கவில்லை. நான் அவருக்காக நிற்கவில்லை, ஓடினேன்.

சந்தில் கூடை பால்கனிக்கும் தரைக்கும் நடுவில் தொங்கியது. உள்ளே ரொட்டி காய்ந்து விறைத்திருந்தது.

"ஹம்தான் மாமா, இது எப்போலேர்ந்து?"

"நேத்துக் காலையிலேர்ந்து. ரொட்டி வச்சேன், பாதியில நின்னுச்சு. சரி, அண்ணன் பையன் வந்து சாப்பாடு குடுத்திருப்பான்னு நெனச்சேன்."

"அண்ணன் பையன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"உங்க ஆலயத்துப் பசங்கதாம்மா. ரெண்டு வருஷமா சொல்லுதுங்க. நான் கார் எதையும் பாக்கல. நான் வீட்டுக்குப் போன நேரத்துல வருவான்னு..."

அப்போது கூடை ஆடியது. காற்றே இல்லை, அண்ணா. வண்டியின் நீராவி நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. கூடை ஆடியது, நின்றது, மறுபடி ஆடியது.

படிகளை நான் எண்ணினேன். உன் திருப்பத்திலிருந்து அவர் கதவுக்குப் பத்தொன்பது. கதவைத் தட்டினேன். உள்ளே தகரத்தைத் தேய்ப்பதுபோல ஒரு குரல்.

"யாரு?"

"ஆலயத்துலேர்ந்து, அத்தை."

"பை இருக்கா?"

"இல்ல அத்தை. வெறுங்கை."

"அப்ப உள்ள வா. கதவைத்தான் என்னால திறக்க முடியாது."

ஹம்தான் மூன்று இடி இடித்தார், தாழ்ப்பாள் பெயர்ந்தது. அத்தை பால்கனித் தரையில் கிடந்தார். கூடையை இழுக்கும்போது விழுந்து இடுப்பு முறிந்திருக்கிறது. கயிறு மணிக்கட்டில் சுற்றியிருந்தது, அந்த இடம் கறுத்துப்போயிருந்தது. ஒரு பகலும் ஓர் இரவும். கத்திக் கத்தித் தொண்டை அடைத்தபிறகு கயிற்றை அசைத்திருக்கிறார், கீழே யாராவது பார்ப்பார்கள் என்று. பார்த்தவர்கள் எல்லோரும் நசீஃப் இருக்கிறான் என்று நடந்துபோயிருக்கிறார்கள். நம் நசீஃப்.

என் மேல்கோட்டை அவர்மேல் போர்த்தினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீதானா அது? வெள்ளிக்கிழமைன்னா வாத்து கத்தும், யாரோ ஓடுவாங்க. உனக்கு முன்னாடி ஒருத்தன் வருவான், அவன் வந்தா வாத்து கத்தாது, திங்கும். சிகரெட் வாடை மேல வரைக்கும் வரும். ரெண்டு வருஷம், ஒரு வெள்ளி விடாம வந்தான். இன்னிக்காவது ஏறுவான்னு கதவுகிட்ட நாற்காலி போட்டு உக்காந்திருப்பேன்."

நான் அழுதேன். யாரிடமும் சொல்லாதே.

அபூனா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரி வண்டி போனதும் உன் திருப்பத்திலேயே, படியில், உட்கார்ந்துகொண்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், உன் பெயர், என் பெயர் இரண்டையும். நோட்டில் எழுதியதும் அறிக்கை, அவரிடம் சொன்னதும் அறிக்கை. இரண்டாவதற்குத்தான் கைதட்டல் இல்லை. அவர் என்னைத் திட்டவில்லை. "அவ பேர்ல கோடு இழுத்தது என் கைதாம்மா" என்றார். பிறகு, "மத்தப் பிள்ளைங்க நோட்டையும் கொண்டுவரச் சொல்லு" என்றார்.

நான் மண்டபத்தில் போய்ச் சொன்னதும் பதினொரு பேர் முகம் வெளிறியது. என் நோட்டைப் பார்த்து எழுதியவர்கள் நால்வர் என்று நினைத்திருந்தேன். யாரும் நோட்டை எடுத்துக்கொண்டு அபூனாவிடம் போகவில்லை, ஆளுக்கொரு திசையில் தெருவுக்குள் ஓடினார்கள். நேற்று மல்லவியில் தட்டப்படாத கதவே இல்லை. மற்ற எல்லோரும் பிழைத்திருக்கிறார்கள். ஒரு கிழவர் மட்டும் பயந்துபோய், "என்ன, மறுபடி போரா?" என்று கேட்டாராம்.

மருத்துவர் இன்று எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை. மார்பில் சளி கட்டியிருக்கிறது. நான் இப்போது அங்கேதான் போகிறேன். அம்மா அப்பா உன்மேல் கோபமாக இருக்கிறார்கள், ஆனால் சுகம்.

ஃபெப்ரோனியா


மல்லவி ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு,
7 மார்ச் 1987

பிமென் என்கிற பையனுக்கு லபீபா சொல்லி, ஃபெப்ரோனியா எழுதுவது.

நலம் விசாரிக்க வேண்டும் என்கிறாள் இந்தப் பெண். சரி, நலமா? நான் நலமில்லை. இடுப்பில் இரும்பு வைத்திருக்கிறார்கள். சளி இறங்கிவிட்டது. இனி ஊன்றுகோல் இல்லாமல் நடக்கமாட்டேன், படி இறங்குவது என்பது இந்த ஜென்மத்தில் இல்லை என்கிறார் மருத்துவர். அவருக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. (இது நானே கேட்டது. மீசை பற்றி அவர் சொன்னது சரி. — ஃபெ.)

மன்னிப்புக் கேட்டு நீ எழுதிய கடிதத்தை இவள் படித்துக் காட்டினாள். நாலு பக்கம். மன்னிப்பெல்லாம் அபூனாவுடைய வேலை. எனக்கு ஆள் வேண்டும். இவள் தினமும் வருகிறாள், ஒரு நொடி வாய் மூடுவதில்லை, நேற்று எனக்கு ஊசிபோடும் நர்ஸின் செருப்பை ஒளித்துவைத்தாள். ஆனாலும் வருகிறாள்.

தங்க மையில் எழுதிய ஒரு சான்றிதழை அபூனா கிழிக்கப் போனார், நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். 'முதியோரைக் கைவிடாத உறவினர் நசீஃப் அவர்களுக்கு' என்று இருக்கிறது. எழுத்து நன்றாக இருக்கிறது. அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். எனக்கு ஓர் அண்ணன் மகனை நீ கொடுத்தாய். கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வது மரியாதை இல்லை. அவனுக்கு உயிர் கொடுக்க வேண்டியதும் நீதான். கார் வேண்டாம்.

ஓலை ஞாயிறுக்கு முந்தின நாள் என்னை வீட்டுக்கு விடுவார்களாம், மறுபடி காய்ச்சல் வராவிட்டால். இங்கே பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் போனவாரம் வீட்டுக்குப் போகவில்லை. அதனால் நாள் சொல்வதற்கே எனக்குப் பயமாக இருக்கிறது. (இந்த வரியை எழுதாதே என்றார். எழுதிவிட்டேன். — ஃபெ.)

அபூனா என்னை ஆலயத்து அறையில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். மாட்டேன் என்றேன். என் வீட்டுக்குத்தான் போவேன், நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். தினம் ஒரு பிள்ளையாக வந்து கூடை இழுப்பதாக ஏற்பாடு. எல்லோரும் வெறுங்கையோடு வர வேண்டும் என்பது என் நிபந்தனை.

தெருவிலிருந்து முதல் மாடித் திருப்பம் வரைக்கும் ஹம்தானும், மிளகாய் தின்ற அந்தப் பாடகரும் தூக்குவார்கள். திருப்பத்தில் என்னை இறக்கிவைத்துவிட்டு அவர்கள் போய்விடுவார்கள். பேசி முடித்தாகிவிட்டது. அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். உன் பெயர் கீறிய சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். யாரும் என்னைத் தொடக்கூடாது.

மீதிப் பத்தொன்பது படி உன்னுடையது. விடுப்புக் கேள்.

லபீபா

(பின்குறிப்பு: அண்ணா, அவர் விளையாடவில்லை. விடுப்புக் கிடைக்காவிட்டால் நீ வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பாராம். உன் முகாம் கமாண்டருக்குக் கொடுக்க இதோடு ஒரு மனு வைத்திருக்கிறேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எழுத இரண்டு நாள் ஆயிற்று. — ஃபெ.)